நசுங்குற இடத்துல ஒரு சீட்டு

ரயில் மோதினதுல யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு வாய் கூசாம சொல்றீங்களே சார். ஓ, பயணிங்க யாருக்கும்னு சொன்னீங்களா. சரி சரி. ரயில் பெட்டிக்கு வரைபடம் போடுற பெரிய மனுஷன், என்னை மாதிரி பழைய இரும்புக்காரன்கிட்ட பேரம் பேச வந்ததே அதிசயம். அதுலயும் முழுப் பெட்டி வேணாம், நசுங்கின முனை மட்டும் போதும். எதுக்காம்? பெயிண்ட் அடிச்சு கம்பெனி வாசல்ல நிறுத்தி வச்சுப் பெருமையடிக்க.

புரியுது சார், நான் ஒண்ணும் மரமண்டை இல்ல. மோதினா முனை சுருங்கி அடிய வாங்கிக்கணும், ஆளுங்க உக்கார்ற நடுப்பக்கம் அசையக் கூடாது. அசையலதான். நானே உள்ள ஏறிப் பாத்தேன், ஜன்னலெல்லாம் போட்டது போட்டபடி இருக்கு. அடுத்து வர்ற பெட்டிங்களும் இதே வரைபடம்தானா? அப்படிப் போடுங்க.

அப்புறம் எதுக்கு அந்த மடக்குச் சீட்டை மட்டும் அறுத்துட்டுக் குடுக்கச் சொல்றீங்க? அதான், நசுங்கின முனையில கக்கூஸ் கதவோரமா தொங்குதே. பாக்க நல்லா இருக்காதோ. ஆமா, பெட்டியைக் கூட்டிப் பெருக்குறவங்க உக்கார்ற சீட்டுதானே அது. நசுங்கட்டும்னே ஒரு இடத்தைச் செஞ்சுட்டு, அங்கேயே ஒரு ஆளையும் உக்கார வச்சிருக்கீங்க. என்னா மூளை சார் உங்களுக்கு.

அந்தச் சீட்டைப் போட நடுப்பக்கத்துல இடம் இல்லியா? பெட்டி படுக்கை வைக்க அவ்ளோ பெரிய அலமாரி இருக்கே, அதுல பாதிய எடுங்க. சூட்கேஸ் நசுங்கினா வேற வாங்கிக்கலாம்.

செக் புக்கை உள்ள வைங்க. முதல்ல டீயைக் குடிங்க, ஆறுது. நல்லா இருக்கா? இப்ப கக்கத்துல கட்டையை ஊனிக்கிட்டு வந்து வச்சுட்டுப் போனாங்களே, எங்க அக்கா. மோதினப்போ அந்தச் சீட்டுலதான் உக்காந்திருந்தாங்க.

அங்க என்ன பாக்குறீங்க, என்னைப் பாருங்க. முனையை சும்மாவே தர்றேன், லாரி வாடகையும் என்னுது. ஆனா புதுப் பெட்டி ஒண்ணு வெளிய வர்றதுக்குள்ள அந்தச் சீட்டு நடுப்பக்கத்துக்குப் போயிருக்கணும். வரைபடம் போட்டவர் நீங்கதானே. நீங்களே மாத்துங்க.