தென்மேற்கு மூலை

உடைந்த சாமான் எதுவும் வீட்டில் கிடக்கக் கூடாது என்பதில் எனக்கு எப்போதும் பிடிவாதம் உண்டு. காது போன கோப்பை, ஓடாத மணிக்கூடு, கால் ஆடுகிற கதிரை, எது கண்ணில் பட்டாலும் மறுநாள் இருக்காது. நீங்கள் இருக்கிற கதிரை ஆடாது, நன்றாகச் சாய்ந்து இருங்கள். தேத்தண்ணி ஆற முதல் குடியுங்கள். வெளியில் மண்வெட்டியோடு நிற்கிற உங்கள் ஆட்களுக்கும் ஊற்றி வைத்திருக்கிறேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

சண்டை முடிந்து முகாமிலிருந்து நாங்கள் இந்தக் காணிக்குத் திரும்பியபோது பழைய வீட்டின் அத்திவாரமும் கிணறும், ஷெல்லடிக்குப் பதுங்க நிலத்துக்குள் வெட்டின பங்கரும்தான் மிச்சம். கிணற்றை இறைத்தோம். வீட்டுத்திட்டத்தில் இந்த வீடு கிடைத்தது. பரந்தன் சந்தியிலிருந்து உள்ளே வந்தால் இந்த ஒழுங்கையில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், பார்த்திருப்பீர்கள். பங்கரை மூடிவிடுவோம் என்று என் கணவர் விஜிதரன் சொன்னார். "அது கிடக்கட்டும்" என்றார் அப்பா. கிடந்தது.

ஊரில் மற்றவர்கள் தங்கள் பங்கர்களை மூடிவிட்டார்கள். சிலர் குப்பைக் கிடங்காக்கினார்கள். ஒருவர் வாழை வைத்தார், நல்ல குலை போட்டது. பொன்னையா, அதுதான் என் அப்பா, அவர் மட்டும் ஒவ்வொரு மாரிக்கு முன்பும் அதன் கூரையில் உக்கிய பனங்குற்றியை மாற்றி, தண்ணீர் இறங்காமல் வாய்க்கால் வெட்டி, அதைச் சாமியறை போல வைத்திருந்தார். இடி இடித்தாலும் கலியாண வீட்டில் வெடி கொளுத்தினாலும் உயரத்தில் ஒரு ஹெலி போனாலும், வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கிவிடுவார்.

இறங்கினால், கூப்பிட்டு வரமாட்டார். சண்டையின் கடைசி மாதங்களில் நாங்கள் கடற்கரைப் பக்கம் ஒதுங்கியிருந்தபோது என் தம்பி சுகிர்தன் பங்கருக்குள் இருந்தான். மேலே நின்று ஒரு குரல் அவனைக் கூப்பிட்டது. அதைக் கேட்டு ஏறி வந்த இடத்தில் ஷெல் விழுந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்குக் குரலில் நம்பிக்கை போய்விட்டது. "ஆர் கூப்பிட்டாலும் வெளியில வரக்கூடாது, பதிலும் சொல்லக்கூடாது. மேல நிக்கிற ஆள் குற்றியில மூண்டு தரம் தட்டோணும். தட்டினால்தான் வாறது" என்று சட்டம் போட்டார். இங்கே வந்த பிறகும் அதுதான் சட்டம். சோறு ஆறுகிறது என்று தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோசனமில்லை. கையில் அகப்பை இருந்தால் அகப்பையால் தட்டுவேன், விளக்குமாறு இருந்தால் அதன் தடியால். வந்து, கை கழுவிச் சாப்பிடுவார்.

அதோடு வாழ்ந்துவிடலாம், வாழ்ந்துகொண்டுதான் இருந்தேன். என் மகள் தேனுகாவும் இறங்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் சண்டை முடிந்த பிறகு பிறந்தவள். ஒரு ஷெல் சத்தம் அறியாதவள். சின்ன வயதில் அம்மப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விளையாட்டாக இறங்கினாள். பெரியபிள்ளையான பிறகு விளையாட்டு நின்றது, இறங்குவது நிற்கவில்லை. பாடப் புத்தகங்களையும் அங்கே கொண்டுபோய் அடுக்கினாள். ஒருநாள் வகுப்பில் யாரோ மேசையை விழுத்த, இவள் வாங்குக்குக் கீழே போய், காதைப் பொத்தி, வாயைப் பிளந்து வைத்துக்கொண்டிருந்தாளாம். ஷெல் விழும்போது செவிப்பறை கிழியாமல் இருக்க நாங்கள் அப்படித்தான் வாயைத் திறந்து வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். தகப்பன் கத்தாரில், எனக்கு இருக்கிறது இந்தப் பிள்ளை ஒன்றுதான். கிழவர் தன் பயத்தைக் காணி எழுதிவைப்பதுபோல அவளுக்கு எழுதிவைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கனடாவில் இருக்கிற என் மச்சாள் பிரேமிளாதான் பெங் சுயி என்கிற சீன வாஸ்துவைப் பற்றிச் சொன்னாள். அவள் அங்கே வீடு வாங்கி விற்பவள். "உங்கட வீட்டில எனர்ஜி தேங்கி நிக்குது ராஜினி, வீட்டை ஒருக்காப் புதுப்பிச்செடுக்கோணும்" என்றாள். எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. தேங்கின தண்ணீரில்தானே நுளம்பு வரும்.

அவள் சொன்னபடியெல்லாம் செய்தேன். கட்டிலைக் கதவுக்கு நேரே கால் நீட்டாதபடி திருப்பினேன். படுக்கையைப் பார்த்த கண்ணாடியைக் கழற்றினேன். உடுக்காத உடுப்புகளைக் கொடுத்தேன். வவுனியாவுக்குப் போய் ஒரு காற்றுமணியும், வயிறு தள்ளிய சிரிக்கும் புத்தர் ஒருவரையும் வாங்கி வந்தேன். அவரை அலுமாரிக்கு மேல் வைத்ததும் அப்பா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஊரில ஒரு அரசமரத்தைக் கண்டால் சனம், நாளைக்கு இதுக்குக் கீழயும் ஒரு புத்தர் வந்து குந்துவாரோ எண்டு பயந்து திரியுது. நீ இவரைக் கையோட கூட்டிக்கொண்டு வந்து இருத்தியிருக்கிறாய்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்பா கெட்ட மனிதர் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். புத்தரைக் குசினிக்குள் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன்.

காற்றுமணி முதல் காற்றுக்கே கிலுகிலுத்தது. அப்பாவும் தேனுகாவும் அந்தக் கணமே பங்கருக்குள். அகப்பையை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பேரையும் தட்டி எடுத்தேன். மணியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன்.

அதற்குப் பிறகு பிரேமிளா வளவு முழுவதையும் தொலைபேசியில் காட்டச் சொன்னாள். பங்கரையும் காட்டினேன். "தென்மேற்கில பள்ளமோ? ஐயோ, அது பிள்ளையின்ர வாழ்க்கையை உள்ளுக்கு இழுக்குமடி. மூடி மேடாக்கு" என்றாள். இந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டின மேசனும் அன்றைக்கு அதையேதான் சொன்னார், கன்னிமூலை உயர்ந்திருக்க வேண்டும் என்று. சீனாக்காரனும் எங்கள் மேசனும் ஒரே சொல் சொன்ன பிறகு நான் வேறு யாரிடம் கேட்பது?

இருந்தாலும் அப்பாவிடம் கேட்டேன். கேட்காமல் செய்தேன் என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

"நான் இருக்குமட்டும் அது கிடக்கட்டும் பிள்ளை" என்றார்.

நியாயமான பதில். அதைப் பல நாள் மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். அவர் இருக்குமட்டும்.

நல்ல காரியம் என்றால் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் வைகாசியில் ஒரு வாஸ்து நாள் இருந்தது. அன்றைக்கே அம்மன் கோயில் பொங்கலும் வந்தது. பொங்கலுக்கு விடியற்காலையிலிருந்து வெடி கொளுத்துவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெடிச் சத்தம் பிள்ளைக்குக் கூடாது என்று தேனுகாவை முதல் நாளே வவுனியாவில் மாமி வீட்டுக்கு அனுப்பினேன். பழனியாண்டியிடம் இரண்டு லோட் கிரவல் மண் கொண்டுவரச் சொன்னேன். அவர் பக்கத்து ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர், மலையகத்திலிருந்து வந்த குடும்பம், சொன்ன நேரத்துக்கு வருகிற ஆள்.

காலையில் முதல் வெடி கேட்டதும் அப்பா குடித்துக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். டிராக்டர் வந்தது.

எங்கள் பங்கர் நேரே இறங்கி ஒரு பக்கம் மடங்கிப் போகும். வாயில் நின்று பார்த்தால் உள்ளறை தெரியாது. கூரையைப் பிரிக்க வேண்டாம், வாயை அடைத்து மேலே கொட்டி உயர்த்தினால் போதும் என்று சொன்னேன். பழனியாண்டி மண்ணைக் கொட்ட டிராக்டர் பெட்டியை நிமிர்த்தப் போனவர் நின்றார்.

"அக்கா, ஐயாவோட செருப்பு இங்கன கெடக்கு. உள்ளார இருக்காரோ?"

"அப்பா கோயிலுக்குப் போயிட்டார். பொங்கலுக்கு வெறுங்காலோடதான் போறவர்" என்றேன்.

அவருக்கு முகம் தெளியவில்லை. ஆகவே அவருடைய மனச் சமாதானத்துக்காக நான் வாயில் நின்று அப்பா, அப்பா என்று கூப்பிட்டேன். சின்னக் குரலில் இல்லை, ஒழுங்கை முடக்குக்குக் கேட்கிற குரலில். பதில் வரவில்லை. பழனியாண்டியும் கேட்டுக்கொண்டு நின்றார், உங்களுக்கும் அதைச் சொல்லியிருப்பார். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. அதன் பிறகு அவர் கொட்டினார். வேலை துப்புரவாக இருந்தது.

செருப்பைக் கழுவி அலுமாரிக்குள் வைத்தேன். வாசலுக்குக் குறுக்கே செருப்புக் கிடந்தால் வருகிற நல்லது தடக்கி விழும் என்று பிரேமிளா சொல்லியிருந்தாள்.

சத்தம் ஏதும் கேட்டதா என்று கேட்கிறீர்கள். கேட்டது. மத்தியானம் வெடியெல்லாம் ஓய்ந்த பிறகு கேட்டது, மூன்று மூன்றாக, இடைவெளி விட்டு. ஆனால் தட்டுவது மேலே நிற்கிறவருடைய வேலை. உள்ளே இருக்கிறவர் தட்டுவது எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை. அதனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. லாச்சியிலிருந்த காற்றுமணியை எடுத்து முன் விறாந்தையில் தொங்கவிட்டேன், அன்றைக்கு நல்ல சோளகக் காற்று. மறுநாள் பின்னேரம் மணிச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

அப்பாவைக் காணவில்லை என்று உங்கள் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்ததும் நான்தான். எங்கள் பக்கத்தில் ஒருவரைக் காணவில்லை என்றால் சனம் ஏன், எப்படி என்று கேட்காது, கையைப் பிடித்துக்கொண்டு அழும். ஒழுங்கை முழுக்க வந்து அழுதது. நானும் அழுதேன், அது நடிப்பு இல்லை.

வீடு மாறியது உண்மை. நீங்கள் உள்ளே வரும்போதே உணர்ந்திருப்பீர்கள், ஒரு வெளிச்சம், ஒரு காற்றோட்டம். தேனுகா தன் கட்டிலில் படுத்தாள். இடி இடித்தபோது அவள் எழும்பவில்லை, போர்வைக்குள் நடுங்கினாள், அவ்வளவுதான். பிள்ளை தப்பிவிட்டாள் என்று விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

ஆவணியில் ஒரு பின்னேரம் அகப்பையைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு போனால், அவள் அந்த மேட்டில் குந்தியிருக்கிறாள். நிலத்தில் மூன்று தரம் தட்டினாள். காதை மண்ணில் வைத்துக் கேட்டாள். பிறகு திரும்பவும் தட்டினாள்.

"என்னம்மா செய்யிறாய்?" என்றேன்.

"அம்மப்பாவுக்குச் சோறு ஆறுது. நீங்கள் தட்ட மறந்திட்டீங்கள் போல" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தட்டினாள். மேட்டின் உயரம் காணாதாக்கும் என்று இன்னொரு லோட் மண் பறிப்பித்தேன். அதற்கு மேலேயும் ஏறியிருந்து தட்டினாள். உங்களிடம் வந்து சொன்னது பழனியாண்டி என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன். பிள்ளைதான் என்கிறீர்கள். இருக்கட்டும், அவள் பொய் சொல்ல மாட்டாள்.

ஒன்று விட்டுப்போயிற்று. கடற்கரையில் தம்பியைக் கூப்பிட்ட குரல் யாருடையது என்று நான் சொல்லவில்லை. கஞ்சி காய்ச்சி இறக்கிவிட்டு, ஷெல்லடி ஓய்ந்துவிட்டது என்று நினைத்து, தம்பி வா, ஆறப்போகுது என்று கூப்பிட்டவள் நான்தான். அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் ஒரு சொல் சொல்லவில்லை. சட்டம் மட்டும் போட்டார். இத்தனை வருடமும் ஒவ்வொரு முறை குற்றியில் தட்டியபோதும், உன் குரலை நம்ப மாட்டேன் என்று அவர் உள்ளே இருந்து சொல்வது எனக்குக் கேட்டது. அந்தப் பங்கர் வடகிழக்கில் இருந்திருந்தாலும் நான் அதற்கு ஒரு சாத்திரம் தேடியிருப்பேன்.

தம்பி நான் கூப்பிட்டவுடன் வந்தான். அப்பா கூப்பிட்டால் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். உள்ளேதான் இருக்கிறார் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டேன். அகப்பை கையில்தான் இருந்தது, தட்டவில்லை.

உங்கள் ஆட்கள் மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள். மண்ணை அள்ளுங்கள், நான் மறிக்கவில்லை. அதற்கு முதல் அவர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். ஒருவரும் கூப்பிட வேண்டாம். மேலே நின்று மூன்று தரம் தட்டட்டும், அப்பா வருவார்.