மூணாவது ஓலை

இல்ல ஃபாதர், சிபாரிசு லெட்டருக்கு வரல. விசா கதையெல்லாம் முடிஞ்சி போச்சு. டீ வேணாம். மேல மீன் கவுச்சி அடிக்கும், நான் இப்டி ஸ்டூல்லயே குந்திக்கிறேன்.

மூஞ்சி ஏன் இப்டி கீதுன்னு கேட்டீங்க இல்ல? கேளுங்க. என் பொண்ணு ஜூடி ஆஸ்திரேலியால மொத புள்ள உண்டாயிருந்தா. பிரசவத்துக்கு நான் போவணும். விசா கெடையாதுன்னுட்டாங்க. திரும்பி வருவேன்னு நம்பிக்க இல்லயாம். காசிமேட்ல ஏலம் எடுத்து மீன் விக்கிறவளுக்கு சம்பள சீட்டு எவன் குடுப்பான்? என் கூடையயும் கஸ்டமரையும் வுட்டுட்டு அங்க இன்னா பண்ணப் போறேன்?

சரி, அப்பீல் போடலாம், ஆனா கடைசி தேதி தாண்டுனா ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. எங்க வூட்டுக்காரரு தம்பி அலெக்ஸாண்டரு, அதான் நம்ம தெரு ஜெபக் குழு, அன்பியத்துக்குத் தலைவரு, டிராவல்ஸ் ஆபீஸ் வெச்சிகினு கீறான் இல்ல? அவன் கைல பேப்பரெல்லாம் குடுத்தோம். எப்ப கேட்டாலும், போட்டாச்சு அண்ணி, கவலப்படாதீங்க. நானும் அவன் வூட்டுக்கு வஞ்சிரமா பாத்து எடுத்துகினு போய் குடுத்துகினு இருந்தேன், லூசு மாதிரி.

கடசில ஜூடியே அங்க விசாரிச்சா. அப்டி ஒரு அப்பீலே வரலயாம். தேதியும் போச்சு. ஓடிப்போய் கேக்கறேன், அந்த சோமாரி... மன்னிச்சிக்குங்க ஃபாதர், வாயில வந்துருச்சி. பையன் கல்யாண வேலைல மறந்துட்டேன் அண்ணின்றான். சொல்லிகினே பத்திரிக டிசைன தூக்கிக் காட்றான், எது நல்லா கீதுன்னு.

ஜூடிக்கு புள்ள தங்கல ஃபாதர். சின்னப் பெட்டி. மாப்ள தூக்கிகினு போறத போன்ல தான் பாத்தேன். என் பொண்ண தாங்கிப் புடிச்சிகினு வந்தது யாரோ ஒரு நர்சம்மா.

மன்னிக்கவா? பூசைல நீங்க சொல்றப்ப நானும் கேட்டுகினு தான் குந்தியிருந்தேன். மனசு வரல.

அவன் பையன் ஜார்ஜுக்கு கல்யாணம்னு பூசைல ரெண்டு வாரமா ரெண்டு ஓலை வாசிச்சிட்டீங்க. தடை எதுனா தெரிஞ்சா பங்குச் சாமியார் கிட்ட சொல்லணும்னு படிக்கிறீங்களே. மூணாவது ஓலை வர்ற ஞாயித்துக்கெழம தான? அப்ப இன்னும் டைம் கீது.

மொத ஓலைக்கே ஏன் வரலன்னா... மண்டபம் புடிக்கட்டும், ஊரெல்லாம் பத்திரிக வெச்சி முடிக்கட்டும்னு தான் கம்முனு இருந்தேன். பொண்ணு வூட்டாரு பாவம் தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவங்கள காப்பாத்த வந்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். அவன் தல குனியணும், அத நான் எதிர்ல நின்னு பாக்கணும்.

ஜார்ஜு போன வருசமே திருவொத்தியூர்ல சுஜான்னு ஒரு பொண்ண ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிகினான். கோர்ட்டு, டைவர்ஸுன்னு ஒண்ணும் ஆவல. அலெக்ஸாண்டரு அந்தப் பொண்ண மெரட்டி ஊருக்கு அனுப்பிட்டு எல்லாத்தயும் மூடி வெச்சிகினு கீறான்.

எனக்கு எப்டி தெரியுமா? பெரிம்மா, வூட்ல யாருக்கும் சொல்லாதன்னு கால்ல வுழுந்து, ஜார்ஜு தான் என்ன இட்டுகினு போனான். சாட்சிக் கையெழுத்து போட்டதே நான் தான் ஃபாதர்.

பேனா எடுங்க. நான் தேதி தாண்டறதுக்குள்ள வந்துட்டேன்.