காபிக்குப் பிறகு

இந்தப் போர்க்கைதி முகாமில் காபி நன்றாகவே இருக்கிறது, கேப்டன். குறை சொல்ல மாட்டேன். நான்தான் குடிப்பதில்லை. ஏன் என்று நேற்று கேட்டீர்கள்.

பத்து வயதில் ராணுவப் பள்ளியில் சேர்ந்தேன். நாற்பத்திரண்டு வருஷம் சீருடை. முதல் உலகப் போரில், பிரான்ஸில், வெர்டனில் தோளில் குண்டு வாங்கினேன். இரண்டாவதில், ரஷ்யப் போர்முனையில், ஒரு ஜெர்மன் படையே என் கையில் இருந்தது. ஒரு கைதியை அறைந்ததில்லை. குதிரையைக்கூடச் சாட்டையால் தொட்டவனில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதிகாரிகளின் சாப்பாட்டு மேஜையில் வேலைப் பேச்சு கூடாது. பேசினால் எல்லோருக்கும் ஒயின் வாங்கித் தரவேண்டும். தளபதி காபிக் கோப்பையைக் கீழே வைத்தபிறகுதான் மற்றதெல்லாம். என் அப்பாவின் படையிலும் அப்படித்தான்.

அக்டோபரில், ஒல்ஷாவா கிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் லாரி ஒன்று கண்ணிவெடியில் சிக்கியது. மறுநாள் காலை ஓர் உத்தரவு போயிற்று. என் கையெழுத்தில்தான் போயிற்று. ஒரு நாளைக்கு நாற்பது காகிதத்தில் கையெழுத்துப் போடுவேன்.

மத்தியானம் வாத்துக்கறி. மேஜர் டீடெமன் தாமதமாக வந்தார். போருக்கு முன் வக்கீலாக இருந்தவர். உட்காரவில்லை.

“ஐயா, ஒல்ஷாவால ஊர்க்காரங்க இருநூறு பேரைக் கொட்டகைல அடைச்சு வெச்சிருக்காங்க. பாதிக்குமேல குழந்தைங்க. ஒன்றரைக்கு நம்ம ஆளுங்க தீ வைக்கப் போறாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு போன் போட்டாப் போதும்.”

“மேஜர் செலவுல இன்னிக்கு ஒயின்!” என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள்.

“உக்காருங்க, டீடெமன். கறி ஆறுது” என்றேன். “காபிக்கு அப்புறம் பேசலாம்.”

அவர் உட்காரவேயில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குளிர்காலத்திலேயே போரில் இறந்துபோனார். ஆனால் இங்கே தினமும் சூப் வரும்போது அந்த நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்கிறது. நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது, கேப்டன்.

விதியை நான் மீறவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்காக ஒருதடவை மீறினால் அப்புறம் அது விதியாகாது. வருஷக்கணக்காக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நீங்கள் கேட்டது காபியைப் பற்றி. காபி ஒரு மணிக்கு வந்தது. டெலிபோன் பக்கத்து அறையில், எட்டுத் தப்படி தூரம். சின்னக் கோப்பை, நாலே மடக்கில் தீர்ந்துவிட்டது. மணி ஒன்று ஐந்துகூட ஆகியிருக்காது. காலிக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனேன். மறுபடியும் கொண்டுபோனேன். டீடெமன் மட்டும் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

பைன் மரங்களுக்கு மேலே புகை எழுந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. அப்போதுதான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“இப்ப சொல்லுங்க, மேஜர்” என்றேன்.