இரண்டு கிழமையில் மறைவது

கலியாணப் படங்களில் முகத்தை வெள்ளையாக்குவது எனக்குப் பிடிக்காது. ஒருவரின் நிறத்தை மாற்றிவிட்டால் படத்தில் இருப்பது வேறு யாரோ. மன்னார் நகரத்தில் நான் வேலை செய்த ஸ்ரூடியோவில் இதனால் எனக்கும் முதலாளி கிறிஸ்ரி அண்ணைக்கும் அடிக்கடி வாக்குவாதம் வரும். நான் அதிகம் பேசாதவள். இந்த ஒரு விடயத்தில் மட்டும் பேசியிருக்கிறேன்.

"பிள்ளை, பொம்பிளையை இன்னும் கொஞ்சம் வெளுக்கப் பண்ணு," என்பார்.

"அது அவவின்ர நிறம் அண்ணை."

"நிறம் அவவின்ரதான். அல்பத்தில இருக்கிற பேர் என்ரயெல்லோ. உனக்குப் பட்டம் தந்தவங்கள் ஒரு நல்ல கண்ணாடியும் சேர்த்துத் தந்திருக்கலாம்."

விஞ்ஞானப் பட்டம் எடுத்துவிட்டு அரச நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் அந்த வேலைக்குப் போனேன். படம் திருத்துவதில் எனக்கென்று ஓர் அளவு வைத்திருந்தேன். இரண்டு கிழமையில் தானாக மறைந்துபோவதை மட்டும் எடுக்கலாம். முகப்பரு, நுளம்பு கடித்த தடிப்பு, வெயிலில் உரிந்த தோல். மச்சத்தையும் தழும்பையும் தொடக்கூடாது, அவை அந்த ஆளுக்குச் சொந்தமானவை. படம் பல வருடம் இருக்கப்போவது. வந்துபோகிற ஒன்றுக்கு அதில் என்ன வேலை?

இந்த அளவு நியாயமானது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடிபட்ட கண்டலும் இதற்குள்தான் வரும். முதல் நாள் சிவப்பாக இருக்கும், அடுத்த நாள் நீலம். ஐந்து, ஆறு நாளில் பச்சை. பிறகு மஞ்சள். தோலுக்குக் கீழே கசிந்த இரத்தத்தை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்துக்கொள்கிறது. நிறம் மாறுவது குணமாவதன் அடையாளம். பதினான்காம் நாள் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. எப்படித் தெரியும் என்று முதல் நாள் விசாரணையில் நீங்கள் கேட்டபோது, பல்கலைக்கழகத்தில் படித்தது என்று சொன்னேன்.

ரஜிதா என் அண்ணன் றொட்னியின் மனைவி. முருங்கனுக்கு அப்பால், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் ஒரே பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் லூர்தம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். மகளின் கலியாணத்துக்கும் அவரால் வர முடியவில்லை. முகம் பார்த்துக் கதைக்க அந்த வீட்டில் விடமாட்டார்கள். கிழமைக்கு ஒரு தடவை குரல் மட்டும். ஆகவே ஞாயிறு பூசை முடிந்து பேசாலையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும், ரஜிதாவை முற்றத்தில் நிறுத்தி நான் ஒரு படம் எடுத்து அனுப்புவேன். என் கைபேசியிலிருந்துதான். அவளுடையதை அண்ணன் சுவரில் எறிந்து உடைத்திருந்தான். அயலில் கேட்டு வாங்க அம்மா விடமாட்டார்.

முதல் தடவை துடைக்கச் சொன்னது ரஜிதாதான். இதை எழுதிக்கொள்ளுங்கள். கன்னத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தது.

"மச்சாள், இதை இல்லாமப் பண்ணலாமே? அம்மா பார்த்தா அங்கயிருந்து அழும்."

இரண்டு நிமிட வேலை. நிறத்தை மாற்றவில்லை. மூக்கைத் தொடவில்லை. இடது புருவத்தில் சின்ன வயதில் விழுந்து வெட்டிய தழும்பு ஒன்று உண்டு, அதையும் அப்படியே விட்டேன். லூர்தம்மா உடனே குரல் பதிவு அனுப்பினார்.

"எம் மக மொகம் என்னமா பளபளன்னு இருக்கு. மன்னாரு மீனு ஒத்துக்கிருச்சு போல."

ரஜிதா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நானாகவே செய்தேன். இரண்டு வருடத்தில் நூறு ஞாயிறுக்குக் கிட்ட வரும். எத்தனையில் வேலை இருந்தது என்று கேட்டீர்கள். முப்பத்தேழில். காற்றடித்து அண்ணன் கடலில் படகு இறக்க முடியாத மாதங்களில் கூடுதலாக இருந்தது.

இந்த வருடம் தவக்காலத்தில் ரஜிதா தாயிடம் வாய் திறந்தாள். குசினியில் நின்று கதைத்தாள், நான் வாசலில் நின்றேன். கைபேசி என்னுடையது. தாயோடு கதைக்கும்போது அவளுடைய பேச்சு மாறிவிடும்.

"அடிக்கிறாரும்மா. வந்து என்னயக் கூட்டிக்கிட்டுப் போயிரு."

"என்னடி சொல்ற? வாராவாரம் படம் பாக்குறேன். ஒரு கீறலக் காணோமே."

"இருக்கும்மா."

லூர்தம்மா, "நெசமா இருந்தா அடுத்த படத்துல காட்டு. மேடம் கால்ல விழுந்தாவது வந்துர்றேன்," என்றார்.

அடுத்த ஞாயிறு ரஜிதாவின் வலது கண்ணுக்குக் கீழே பச்சையாக இருந்தது. ஆறாம் நாள். கோயிலில் முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டிருந்தவள், படத்துக்கு அதை எடுத்துவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து நின்றாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

"மச்சாள், இண்டைக்கு ஒண்டும் துடைக்க வேண்டாம். அப்பிடியே அனுப்புங்கோ."

"ஓம்," என்றேன்.

அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது.

"மாதா புண்ணியத்துல நல்லாத்தான இருக்க. குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும். பொறுத்துப் போ தாயி."

ரஜிதா அதை இரண்டு தரம் கேட்டாள். பிறகு நான் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தாள். கைபேசியை மேசையில் வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். அன்று சோறு குழைந்துபோயிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு படத்துக்கு வரச் சொன்னேன்.

"வேண்டாம் மச்சாள். நீங்களே ஒண்டைச் செய்து அனுப்புங்கோ," என்றாள்.

அந்தக் கிழமை புதன்கிழமை பின்னேரம் அவள் இறந்தாள். நான் ஸ்ரூடியோவில் இருந்தேன். முட்டு இழுத்தது என்று அண்ணன் சொன்னான். ரஜிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் இருந்தது அயலுக்குத் தெரியும். அம்மாவும் அதையே சொன்னார். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அடுத்த நாளே அடக்கம். கலியாணச் சேலை, கழுத்து மூடிய சட்டை, கையில் செபமாலை.

எங்கள் பக்கத்தில் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுப்பது வழக்கம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டுமல்லவா. லூர்தம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் நாற்பது படம் எடுத்தேன். ஒன்றில் மட்டும் சட்டையின் கழுத்து விலகி, காதுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்தில் கருநீலமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது அண்ணன் என் கதிரைக்குப் பின்னால் நின்றான்.

"அதை எடு," என்றான்.

"ஓம் அண்ணா," என்றேன்.

இறந்தவர்களின் உடம்பில் கண்டல் ஆறுவதில்லை. அது மறையப்போவதில்லை. ஆகவே என் அளவின்படி அதைத் தொட முடியாது. அவன் போன பிறகு அப்படியே அனுப்பினேன்.

லூர்தம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். மூன்றாம் கிழமை வந்து இறங்கினார். அதனால்தான் நீங்கள் கல்லறையைத் தோண்டினீர்கள். அண்ணன் உள்ளே இருப்பதும் அதனால்தான். அந்த ஒரு படம் இல்லையென்றால் உங்களிடம் ஒன்றுமே இல்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

இனி நேற்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ரஜிதா வேண்டாமென்று சொல்லியும் அந்தக் கண்ணைத் துடைக்கச் சொன்னது யார் என்று கேட்டீர்கள். யாருமில்லை. அண்ணன் அறையில் நித்திரை. அம்மா கோயிலிலிருந்து இன்னும் வரவில்லை. பழக்கத்தில் கை போனதும் இல்லை. அவளிடம் ஓம் என்று சொல்லும்போதே துடைக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு இருபது நிமிடம் எடுத்தேன். வழக்கத்தைவிடக் கவனமாகச் செய்தேன், ஏனென்றால் லூர்தம்மா அன்று பெரிதாக்கிப் பார்ப்பார்.

பார்த்தால் வந்துவிடுவார். வந்தால் ரஜிதா போய்விடுவாள். பிறகு வீட்டில் அம்மாவும் நானும் அண்ணனும்தான்.

பாடப் புத்தகத்தில் கண்டலின் நிறங்கள் இருக்கின்றன. எத்தனை நாள் என்பது இல்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த காலங்களில் அலுமாரிக் கண்ணாடியில் பார்த்து நானே எண்ணினேன். நாலு வருடம் எண்ணியிருக்கிறேன். ரஜிதா கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து எனக்கு எண்ண வேண்டி வரவில்லை.

அந்த வீட்டில் அவளில் உண்மையான பாசம் வைத்திருந்தது நான் ஒருத்திதான். அவள் எங்களை விட்டுப் போவதை என்னால் தாங்கியிருக்க முடியாது.