பாட்டிலை யார் திறப்பது?

போவாடு: கீழ வைங்க... அந்த ஜின் பாட்டிலக் கீழ வைங்க, மிஸ்டர் நைஜல்!

நைஜல்: கடைசியா உங்களுக்குத்தான் ஊத்தலாம்னு...

போவாடு: எனக்கா? அப்ப மத்தவங்களுக்கு?

நைஜல்: ஊத்தியாச்சு. ஓரத்துல இருக்காங்களே உங்க அத்தை, அவங்க ரெண்டாவது தடவையும் டம்ளரை நீட்டினாங்க.

போவாடு: போச்சு! நான் நாற்காலி எடுக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள... குடியைக் கெடுத்தீங்களே!

நைஜல்: மன்னிக்கணும். வறுத்த வாழைக்காய் வந்துச்சு, தொண்டையை நனைக்க எதுவும் வரலை. லண்டன்ல எல்லாம் விருந்துக்குப் போனா...

போவாடு: இது விருந்தா? லண்டன்லேர்ந்து எங்க ஊரு மாம்போங் வரைக்கும் எதுக்கு வந்தீங்க? உங்க பையன் டங்கனுக்கு எங்க தங்கச்சி மக செர்வாவைப் பொண்ணு கேட்டு, எங்க வழக்கப்படி கதவு தட்ட வந்திருக்கீங்க!

நைஜல்: ஆமா. தட்டினேனே.

போவாடு: நீங்க பாட்டிலை முன்னால வைக்கணும். நாங்க அதைப் பாக்காத மாதிரி பேசிட்டிருப்போம். அப்புறம் பொண்ணைக் கூப்பிட்டு, "திறக்கலாமா"ன்னு கேப்போம். அவ சரின்னா நாங்க திறப்போம். நாங்க! குடிச்சா சம்மதம்.

நைஜல்: திறக்கலைன்னா?

போவாடு: தூக்கிட்டு லண்டன் போய்ச் சேர வேண்டியதுதான்.

நைஜல்: அப்ப... இப்ப எல்லாருக்கும் சம்மதமா?

போவாடு: சிரிக்காதீங்க!

நைஜல்: சிரிக்கலை. என் மூஞ்சியே இப்படித்தான்.

போவாடு: உள்ள துணி மாத்திட்டிருக்காரே எங்க அண்ணன் ஒபேங், அவர்தான் மூத்த தாய்மாமன். அவர் சரின்னு சொல்லாம இந்த வீட்டுல கோழிகூட முட்டை போடாது. அவரோ குமாசி டவுன்ல மரக்கடை வச்சிருக்காரே, அந்த மரவாடிக்காரர் பையனுக்குத்தான் செர்வான்னு வாக்கு குடுத்துட்டாரு.

நைஜல்: செர்வாவைக் கேட்டாரா?

போவாடு: அது... அது வேற பேச்சு.

நைஜல்: கொஞ்சம் தண்ணி ஊத்தி மூடி வச்சிடலாமா?

போவாடு: உடைஞ்ச சீல் தண்ணிக்கு ஒட்டிக்குமா? நான் சொல்றதைக் கேளுங்க. அண்ணன் வந்ததும், "வெளியூர்க்காரன், விவரம் தெரியாமத் திறந்துட்டேன்"னு சொல்லிருங்க. குடிச்சது செல்லாதுன்னு ஆயிடும். யாருக்கும் அவமானம் இல்ல.

நைஜல்: கல்யாணம்?

போவாடு: அதுவும் செல்லாது.

நைஜல்: ஓ...

போவாடு: எனக்கும் வருத்தம்தான். உங்க பையன் நல்ல பையன், அந்தப் புள்ளையும் அவன் மேல உசிரா... வந்துட்டாரு! எந்திரிங்க, எந்திரிங்க!

ஒபேங்: யாருடா இதைத் திறந்தது?

போவாடு: அண்ணா, அது வந்து... பாவம், இவருக்கு நம்ம வழக்கம்...

ஒபேங்: உன்னைக் கேக்கலை. நீங்க சொல்லுங்க, ஐயா. தெரியாமத் திறந்தீங்களா?

நைஜல்: மன்னிக்கணும்...

போவாடு: பாத்தீங்களா, மன்னிப்புக் கேட்டுட்டாரு!

நைஜல்: மன்னிக்கணும்... தெரிஞ்சுதான் திறந்தேன்.

போவாடு: ஐயோ!

நைஜல்: செர்வா போன்ல எல்லாம் சொல்லிட்டா. "பெரிய மாமா வெளிய வர்றதுக்குள்ள எல்லார் தொண்டையிலயும் ஒரு மடக்காவது இறங்கியிருக்கணும்"னு. அழுதுட்டே சொன்னா. நான் என்ன செய்ய?

போவாடு: அடப்பாவி மனுஷா! இவ்வளவு நேரம் பச்சப்புள்ள மாதிரி என்கிட்ட...

ஒபேங்: கத்தாதடா. ஒரு துணி கட்ட எனக்கு இவ்வளவு நேரமா ஆகும்? மரவாடிக்காரருக்கு வாக்கு குடுத்தவன் நான், நானே எப்படித் திறப்பேன்? எவனாவது திறந்து தொலைக்க மாட்டானான்னு ஜன்னல் வழியாப் பாத்துட்டே நின்னேன்... சரி, என் டம்ளர் எங்க?