கயிறு பிடித்த தகப்பன்

சபையாரே, வசனத்தை அப்படியே நிறுத்திட்டு ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க.

எங்க தேரிக்காட்டுப் பக்கம் பாக்கியநாதன்னு ஒரு விவசாயி. ஒரே மகன், ஆசீர். இருபத்திரண்டு வயசு. அடுத்த தோட்டம் தங்கையாவுடையது. இந்தத் தங்கையா யாரு? பாக்கியநாதன் வீட்டுப் பாதையில முள்ளை வெட்டிப் போட்டு நாலு வருஷமா அடைச்சு வச்சவர். ரெண்டு பேரும் ஒரே கோயில்தான்... முகம் பார்க்க மாட்டாங்க.

ஒரு சித்திரை மாசம் தங்கையா கிணத்துல தூர் வாரினாரு. தண்ணி இறைக்க டீசல் இன்ஜினை உள்ளேயே இறக்கி ஓட்டிட்டாரு. புகை கிணத்துக்குள்ள தங்கிப்போச்சு. கூட இறங்கின வேலையாள் சுடலைமுத்து சாய்ஞ்சுட்டான். தங்கையாவும் தலை சுத்தி விழுந்துட்டாரு. மேல அவர் சம்சாரம் போட்ட கூப்பாடு கேட்டு அப்பனும் மகனும் ஓடி வர்றாங்க.

பாக்கியநாதனுக்கு முட்டுவலி. இறங்க முடியாது. மகனைப் பார்த்தாரு.

"இறங்குதியா, ராசா?"

கேட்டுட்டாரு ஐயா... பெத்த தகப்பன் கேட்டுட்டாரு! அவன் என்ன சொன்னான்?

"நீங்க சொன்னா இறங்குதேன்ப்பா."

ஈரத்துண்டை மூக்குல சுத்திக்கிட்டு இறங்கினான். அப்பா மேலயிருந்து விட்ட கயித்தை, கீழ கிடந்த ஒரு ஆளோட இடுப்புல கட்டினான். "இழுங்கப்பா!" இழுத்தாரு. வந்தது சுடலைமுத்து.

"போதும்யா, நீ வந்துரு!"

"இன்னும் ஒருத்தர் இருக்காருப்பா... இழுங்க..." குரல் கம்மிப்போச்சு. இழுத்தாரு. வந்தது தங்கையா.

மூணாவது தடவை கயித்தை உள்ள இறக்கினாரு. "பிடிச்சுக்கோ ராசா... பிடிச்சுக்கோ..." இழுத்தாரு. வெறுங்கயிறு.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் தங்கையா வாசல்ல வந்து நின்னு அழுதாரு. "அண்ணாச்சி, வர்றது நான்னு பார்த்ததும் கயித்தை விட்டிருக்கலாமே? ஏன் இழுத்தீங்க?"

பாக்கியநாதன் சொன்னாரு: "எம்மவன் கட்டி அனுப்புன ஆளை நான் எப்படிய்யா விடுவேன்?" சொல்லிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டாரு.

அன்பானவங்களே, குமாரன் சிலுவையில பட்ட பாட்டை நெனச்சு அழுறோம். அழணும். ஆனா 'இறங்குதியா'ன்னு கேட்ட பிதாவோட நெஞ்சை என்னைக்காவது நெனச்சோமா? மகன் கீழ மூச்சுக்குத் தவிக்கிறான்... அவர் உன்னை இழுத்துக்கிட்டிருந்தாரு! நீ யாருன்னு தெரியாமலா இழுத்தாரு? தெரியும்யா. உன் பகை, உன் பொய், எல்லாம் தெரியும். தெரிஞ்சும் கை தளரல. ஏன்? நீ அவர் குமாரன் கட்டி அனுப்பின ஆள்.