சைபர் மில்லிமீற்றர்

...இல்ல சேர், நான் கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. வெள்ளவத்தையில மழை பெய்தா அதுக்கு எங்கட கௌரி என்ன செய்யிறது? அவளோ பெய்ய வைச்சவள்? உங்கட பேராசிரியர் கம்பசில கதிரையில இருந்துகொண்டு சொல்லுறாராம், கொழும்பு ஏழிலயும் மழை இல்ல, ரத்மலானையிலயும் மழை இல்ல, இந்தப் பிள்ளையின்ட கொப்பியில மட்டும் மாசி மாசம் பன்ரண்டு நாள் மழை எண்டு. மழைமானி பிழையாம், இல்லாட்டி பிள்ளை வீட்டில குந்தியிருந்து கள்ளமா எழுதினதாம். கதைக்கிற கதையே இது?

இருங்கோ சேர், கதிரையில என்ட கைப்பிள்ளையின்ட துணி கிடக்கு, எடுத்துவிடுறன். மொட்டைமாடிக்குப் போகலாம், போகலாம். எட்டரைக்குத்தானே அளக்கவேணும், இன்னும் இருவது நிமிசம் கிடக்கு. மழைமானி எங்கயும் ஓடாது. தேத்தண்ணியைக் குடியுங்கோ. றவூப் சேர் நல்லவர், ஆறுதலா விளங்கப்படுத்துவார் எண்டு கௌரி சொல்லுறவள், அதால நீங்கள் எனக்கு வேற்றாள் மாதிரி இல்ல. மற்றும்படி நான் ஆம்பிளையளோட கதைக்கிற ஆள் இல்ல. இவரோடயே கலியாணம் முடிச்சு மூண்டு மாசத்துக்குப் பிறகுதான் வாய் திறந்தனான். அதுவும் மண்ணெண்ணெய் முடிஞ்சுது எண்டு சொல்ல.

கௌரி இவரின்ட கடைசித் தங்கச்சி. யாழ்ப்பாணத்தில ஆமியிட்ட பாஸ் எடுத்து, கப்பல் ஏறி, வழிநெடுக வாந்தி எடுத்து வந்து சேந்தவள். டொக்டருக்குத்தான் படிக்க வாறாள் எண்டு நான் லேன் முழுக்கச் சொல்லிவைச்சிட்டன். வந்து பாத்தா வானிலையாம். வானத்தைப் பாக்கிறதுக்கு ஏன் பிள்ளை நாலு வருசம், யன்னலைத் திறந்தாத் தெரியுந்தானே எண்டு கேட்டன். சிரிச்சாள். அண்ணி, இண்டைக்கு நடக்கிறது வானிலை, அதையே முப்பது வருசம் எழுதிப் பாத்தா காலநிலை எண்டாள். அப்ப இந்தச் சண்டை எதில சேத்தி எண்டன். பதினைஞ்சு வருசந்தானே அண்ணி, இன்னும் வானிலைதான் எண்டாள்.

அவ்வளவு கெட்டிக்காரி. அவளைப் போய்...

காகமா இருக்கும் சேர். காகம் எங்கயோ குளிச்சுப்போட்டு வந்து மழைமானியில நிண்டு செட்டையை உதறியிருக்கும். இல்லாட்டி வீட்டுக்கார றோஸி அன்ரியின்ட பூச்சாடி. காலையில ஹோஸைப் பிடிச்சா மனிசிக்கு எங்க அடிக்குது எண்டே தெரியாது. இந்தப் பக்கம் பூச்சாடி இல்லையோ? ஓம், அது அங்கால பக்கம். அப்ப காகம்.

யார் அளக்கிறதோ? நான்தான் சேர். கம்பஸ் ஆராய்ச்சிக்கு மழைமானி வைச்சது கௌரி, ஆனா அவள் ஏழு மணிக்கே வெளிக்கிட வேணும். காலி வீதியில மூண்டு இடத்தில பஸ்சால இறக்கி ஐடென்டிக்காட் பாக்கிறாங்கள், எட்டரை வரைக்கும் நிண்டா அவள் கம்பசுக்குப் போன மாதிரித்தான். அதால ஒரு கிழமை எனக்குப் பழக்கினவள். தண்ணியைக் கண்ணாடிக் குழாயில ஊத்தி, குழாயைக் கண்ணுக்கு நேர பிடிக்கவேணும். தண்ணி நடுவில குழிஞ்சு நிக்கும், குழிஞ்ச அடியைப் பாக்கவேணும். சரிதானே? பாத்தீங்களே, பிழையில்ல. மார்கழி முழுக்க நான் எழுதினது அச்சொட்டா வானிலை ஒபிஸ் கணக்கோட பொருந்தினதாம். அண்ணி, நீங்கள் கம்பசுக்கு வந்திருக்க வேண்டிய ஆள் எண்டாள். ரெண்டு நாள் எனக்கு நித்திரையே வரேல்ல.

பேந்துதான் மழை நிண்டது. தை துடங்கினதில இருந்து சைபர். அடுத்த நாளும் சைபர். ஒரு பக்கம் முழுக்கச் சைபர்.

அந்த நேரம் பாத்து ஒரு விடியக்காலம் லேனைச் சுத்தி வளைச்சிட்டாங்கள். ஆமிக்காரர் ரெண்டு பேர் மொட்டைமாடிக்கு ஏறி, மழைமானியின்ட செப்புக் குழாயைக் கண்டு, குண்டாக்கும் எண்டு ரெண்டடி பின்வாங்கினாங்கள். என்னைக் கூப்பிட்டு மே மொகக்த, இது என்ன எண்டு கேட்டாங்கள். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில வெஸ்ஸ மாத்தயா, வெஸ்ஸ எண்டன், மழை ஐயா, மழை எண்டு. ஒருத்தன் வானத்தை அண்ணாந்து பாத்தான். ஒரு முகில் இல்ல. பேந்து என்னைப் பாத்தான். இடுப்பில பிள்ளை வேற வீரிட்டுக் கத்துது. நல்லவேளை கௌரி கம்பஸ் கடிதத்தோட ஓடி வந்திட்டாள். கடிதத்தை வாசிச்சுப்போட்டு அவன் கொப்பியைப் பிரட்டினான். பிரட்டிப் பிரட்டிப் பாத்தான். சைபர், சைபர், சைபர். ஒண்டும் இல்லாததை ஏன் ஒவ்வொரு நாளும் எழுதுறீங்கள் எண்டு கேட்டான். கௌரி என்னவோ சொல்லிச் சமாளிச்சாள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி நெஞ்சில நிண்டுட்டுது. துவக்கோட வந்தவனுக்கே கொப்பி அப்பிடித் தெரிஞ்சா, மார்க்ஸ் போடுற ஆக்களுக்கு எப்பிடித் தெரியும்?

எனக்குச் சைபர் எண்டா என்னெண்டு தெரியும் சேர். அஞ்சாம் வகுப்பில கணக்குக்குச் சைபர் எடுத்தனான். ரீச்சர் சிவப்பு மையால முட்டை மாதிரிப் போட்டு விட்டா. ஐயா பாத்துப்போட்டு, இனிப் போக வேண்டாம், வீட்டில நில் எண்டார். அவ்வளவுதான் என்ட படிப்பு. ஒரு சைபருக்கே அப்பிடி. இவளுக்கு ஒரு பக்கத்தில முப்பது சைபர்.

எழும்பாதேங்கோ சேர், இன்னும் ஏழு நிமிசம் கிடக்கு.

கம்பசால கடிதம் வந்த நாளில இருந்து கௌரி சோறு தின்னேல்ல. கள்ளமா எழுதினது எண்டு முடிவானா இந்த வருசம் முழுக்க வீணாம், புலமைப்பரிசிலும் போயிடுமாம். அதைவிட, மாசியில எங்கட லேனில மட்டும் ஏன் மழை பெய்யுது எண்டு பதினொரு பக்கம் எழுதி வைச்சிருக்கிறாள். கடற்காத்தாம், விடியக்காலத்து ஈரமாம், ரெயில் பாதையோரத்துக் கல் சூடாகிறதாம். படமெல்லாம் கீறி. ராவிரவா எனக்கு வாசிச்சுக் காட்டினாள். எவ்வளவு வடிவா இருந்தது தெரியுமே? எனக்கே அது மழைதானோ எண்டு வந்திட்டுது.

நேற்று பேராசிரியருக்கு முன்னால நிண்டு என்ன சொன்னவளாம் தெரியுமே? சேர், அளக்கிறது என்ட அண்ணி, அவ பொய் எழுதமாட்டா எண்டவளாம்.

பொய் எழுதேல்ல சேர்.

எழுதேல்ல. எனக்குப் பொய் எழுதப் பயம். சாமிப் படத்துக்குக் கீழதான் அந்தக் கொப்பி இருக்கிறது. சும்மா இருந்து ரெண்டு, ரெண்டரை எண்டு எழுத என்ட கை வராது. அதால... பிள்ளையின்ட பால்போத்தில் மூடி இருக்கெல்லே, அதால ஒரு மூடி பைப் தண்ணி எடுத்து மழைமானிக்குள்ள ஊத்திப்போட்டு, எட்டரை வரைக்கும் காவல் இருந்து, கண்ணுக்கு நேர பிடிச்சு, குழிஞ்ச அடியைப் பாத்து, உள்ளதை உள்ளபடி எழுதினனான்.

ஒவ்வொரு நாளும் இல்ல. ஒண்டைவிட்டொருநாள்.

சிரிக்கிறீங்களோ, இருமுறீங்களோ சேர்? தேத்தண்ணி புரைக்கேறிட்டுதோ? தண்ணி கொண்டு வரட்டே? தண்ணி வேண்டாமோ. சரி.

கடிதம் வந்த அண்டைக்கே நிப்பாட்டிட்டன். அது இன்னும் வில்லங்கமாப் போச்சு. கேள்வி கேட்ட உடன மழையும் நிண்டுட்டுதே எண்டு உங்கட பேராசிரியருக்குச் சந்தேகம் கூடிட்டுதாம்.

ஒரே மூடிதான் சேர். கூட்டிக் குறைச்சு ஊத்தேல்ல. கொப்பியைப் பாருங்கோ, ரெண்டரை எண்டு கிடக்கிற நாள் எல்லாம் நான். மற்றதெல்லாம் மழை. பன்ரண்டையும் வெட்டிவிட்டா மிச்சம் சரியா வரும், என்ன? வருமோ? அம்மாளாச்சி.

ஊத்தினது நான்தான் எண்டு கடிதமோ? தாறன். நான் சொல்ல நீங்கள் எழுதுங்கோ, கையெழுத்து நான் வைப்பன். கௌரிக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். பின்னேரம் வந்த உடன நான் சொல்லுறன். இல்ல, முதல்ல சோத்தைத் தின்னட்டும், பிறகு சொல்லுறன். அந்தப் பதினொரு பக்கத்தை நினைக்கத்தான் எனக்கு...

எட்டரை ஆகுது. வாங்கோ மேல. படியில பாத்து, அதில சவர்க்காரம் கிடக்கு. இந்தாங்கோ, கண்ணாடிக் குழாய். ஓம், கண்ணுக்கு நேர. நீங்களும் அப்பிடித்தான் பிடிக்கிறீங்கள்.

என்ன சேர் எழுதினனீங்கள்? சைபரோ?

அடியில ஒரு சொட்டு ஈரம் நிக்குது, வடிவாப் பாருங்கோ. அவ்வளவு தூரம் மினக்கெட்டு வந்தனீங்கள். ஒரு கால் மில்லிமீற்றராவது போடேலாதே?